கச்சான் காற்றும் கல்லடிப் புற்றரையும்: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி:

ஐயா, நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. எங்கள் வீடு கல்லடியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலத்தில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் ஓடி விளையாடட்டும் என்று சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னர் வளவின் முன்புறத்தில் 4 பேர்ச் அளவுக்குப் புல் பதித்தோம். ‘மலேசியன் புல்’ என்று சொல்லித் தந்தார்கள். வைகாசி பிறக்கும்வரை பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. கச்சான் காற்று வீசத் தொடங்கிய பின்னர் நாளுக்கு நாள் பழுப்பேறி, இந்த ஆடி மாதத்தில் பாதிக்கு மேல் வைக்கோல்போல் ஆகிவிட்டது. மாமர நிழலில் மட்டும் பச்சை மிஞ்சியிருக்கிறது. நாள்தோறும் மாலையில் 15 நிமிடம் ஹோஸ் பிடித்துத் தண்ணீர் விடுகிறேன். அந்த ஹோஸில் 10 லீற்றர் வாளி 40 விநாடிகளில் நிரம்பும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒருவர் வந்து மெசினால் அடியோடு வெட்டிக் கொடுக்கிறார். ஆனி மாதத்தில் 2 கிலோ யூரியா போட்டேன். அதன் பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. காய்ந்த இடங்களைக் கிளறினால் கறையான் தெரிகிறது. கடையில் ஒரு மருந்துப் போத்தல் தந்திருக்கிறார்கள், இன்னும் திறக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் இந்த மாதங்களில் சற்று உவர்ப்பாக இருக்கும். வெயில்தான் புல்லைக் கொல்கிறதா? மருந்து அடிப்பதா, புல்லையே மாற்றுவதா? ஒரு இலையைக் கடிதத்துடன் வைத்து அனுப்புகிறேன்.

பதில்:

மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வாளி நிரம்பும் நேரத்தையும் புற்றரையின் பரப்பையும் யூரியாவின் நிறையையும் எழுதி, ஓர் இலையையும் மடித்து அனுப்பியிருக்கிறீர்கள். இத்தனை விவரத்தோடு வரும் கடிதத்துக்கு ஊகத்தில் பதில் சொல்லத் தேவையில்லை, கணக்கோடு பதில் சொல்லலாம். முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன்: அந்த மருந்துப் போத்தலைத் திறக்க வேண்டாம். ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

வெயில் உங்கள் புல்லைக் கொல்லவில்லை. வெப்பநாட்டுப் புல்லினங்கள் நன்றாக வளரும் வெப்பநிலை ஏறத்தாழ 27 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. மட்டக்களப்பின் பகல் வெப்பம் ஆண்டின் பெரும்பகுதியில் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது. வைகாசியிலிருந்து ஆவணிவரை மேற்கிலிருந்து மலையைக் கடந்து, ஈரத்தையெல்லாம் மறுபக்கத்தில் விட்டுவிட்டு வந்து வீசும் கச்சான் காற்று மண்ணிலும் இலையிலும் உள்ள நீரை இழுத்து எடுக்கிறது. அந்த இழப்பை ஈடுசெய்யும் அளவுக்கு நீரைத் தேடிச் செல்லும் வேர் உங்கள் புல்லுக்கு இல்லை. தண்ணீர் விட்ட முறை, வெட்டிய முறை, யூரியா போட்ட காலம், பதித்த புல்லின் இனம் ஆகிய நான்கும் வேரை மேலேயே நிறுத்திவைத்தன. ஆகவே, என் பதில் முழுவதும் வேரைப் பற்றியதாகவே இருக்கும்.

தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். 4 பேர்ச் என்பது ஏறத்தாழ 100 சதுர மீற்றர். 40 விநாடிக்கு 10 லீற்றர் என்றால் நிமிடத்துக்கு 15 லீற்றர். 15 நிமிடத்துக்கு 225 லீற்றர். ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் நீர் பரவினால் அது ஒரு மில்லிமீற்றர் மழைக்குச் சமம் என்பதால், நீங்கள் நாள்தோறும் கொடுப்பது இரண்டே கால் மில்லிமீற்றர் மழை. காய்ந்த மணலில் அவ்வளவு நீர் ஓர் அங்குல ஆழத்தைத்தான் நனைக்கும். கச்சான் காலத்தில் புற்றரை ஒன்று நாளொன்றுக்கு மூன்றரை முதல் நான்கு மில்லிமீற்றர் வரை நீரை இழப்பதால், நீங்கள் மாலையில் விட்டது மறுநாள் மதியத்துக்கு முன்னரே போய்விடும். நீர் எந்த ஆழத்தில் கிடைக்கிறதோ அந்த ஆழத்தில்தான் புல் வேர்விடும். நாள்தோறும் ஓர் அங்குலம் நனைத்ததால், மண் மிக விரைவாகச் சுடுவதும் காய்வதுமான அந்த மேல் அங்குலத்திலேயே வேர்களும் நின்றுவிட்டன.

‘வாரம் ஒரு முறை ஆழமாக நனையுங்கள்’ என்ற அறிவுரையைப் பல இடங்களில் வாசித்திருப்பீர்கள். எங்கள் கரையோர மணலில் அதை அப்படியே பின்பற்றக் கூடாது. நான் சேவையில் சேர்ந்த ஆரம்பத்தில், கடற்கரையை ஒட்டிய ஓர் அலுவலக வளவில் புத்தகத்தில் கண்டபடியே வாரம் ஒரு முறை 25 மில்லிமீற்றர் நீரை ஒரே தடவையில் விடச் சொன்னேன். ஐந்தாம் நாளே புல் சுருளத் தொடங்கியது. ஓரிடத்தில் தோண்டிப் பார்த்தபோது மேல் அரை அடி மணல் பொடியாகக் காய்ந்திருந்தது. நீரெல்லாம் வேருக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கிவிட்டிருந்தது. ஒரு மீற்றர் ஆழ மணல் புல்லுக்குப் பயன்படும் நீராக 50 முதல் 80 மில்லிமீற்றர் வரைதான் பிடித்து வைக்கும். புல்லின் வேர் 15 முதல் 20 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால், அந்த ஆழத்து மணல் 10 மில்லிமீற்றர் அளவையே தாங்கும். அதற்கு மேல் விடும் ஒவ்வொரு லீற்றரும் கிணற்றுக்கே திரும்பிச் செல்கிறது, போகிற வழியில் நீங்கள் இட்ட பசளையையும் எடுத்துக்கொண்டு.

ஆகவே கல்லடி, நாவலடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று தெற்கே கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வரை நீளும் கரையோர மணலில் வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 9 மில்லிமீற்றர் என்பதே பொருத்தமான அளவு. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலும் சம்மாந்துறை வயற்புறங்களிலும் உள்ள களி கலந்த மண்ணுக்கு ஆறேழு நாளைக்கு ஒரு முறை 25 மில்லிமீற்றர் என்ற புத்தகக் கணக்கு சரியாக வரும். 9 மில்லிமீற்றரை அளப்பது கடினமல்ல: வெறும் மீன் பேணிகள் நான்கைந்தைப் புற்றரையில் ஆங்காங்கே வைத்து நீர் விடுங்கள், அவற்றில் ஒரு சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவாக நீர் நின்றால் போதும். ஒரு பேணி நிறைந்தும் மற்றது காலியாகவும் இருந்தால், ஹோஸ் பிடிக்கும் கை ஓரிடத்தில் நிற்கிறது என்று பொருள். நேரம் விடியற்காலை ஐந்து முதல் ஏழரை மணிக்குள் இருக்கட்டும். அப்போது கச்சான் அடங்கியிருக்கும். பின்னேரத்தில் விடும் நீரில் ஒரு பங்கைக் காற்று மதிலுக்கு அப்பால் கொண்டுபோய்விடுகிறது.

அடுத்தது, நீங்கள் அனுப்பிய இலை. அது ஏறத்தாழ சுண்டுவிரல் அகலமும் மழுங்கிய நுனியும் கொண்டது. விளிம்பு சற்று அலைபோல் நெளிந்திருக்கிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட பெயர் எதுவாக இருந்தாலும், இது கம்பளப்புல் இனத்தைச் சேர்ந்தது. எங்கள் நாட்டில் புல் விற்பவர்கள் வழங்கும் பெயர்கள் இடத்துக்கு இடம் மாறுகின்றன. ஒரே பெயரில் வெவ்வேறு புற்களும், ஒரே புல் வெவ்வேறு பெயர்களிலும் கைமாறுகின்றன. எனவே, புல் வாங்கும்போது பெயரைக் கேட்பதைவிட இலையைப் பார்ப்பதே பாதுகாப்பானது. அகன்ற இலையுள்ள இந்தக் கம்பளப்புல் வெப்பவலய அமெரிக்காவிலிருந்து வந்தது. ஈரமான மண்ணையும் பாதி நிழலையும் விரும்புவது. கொழும்பு, காலிப் பக்கங்களில் ஆண்டு முழுவதும் மழை பெறும் வளவுகளில் தானாகவே செழிக்கும். அதன் வேர் ஆழமாகப் போகாது. உவர்நீரைத் தாங்கும் திறனும் மிகக் குறைவு. மாமரத்தின் கீழ் மட்டும் பச்சை மிஞ்சியதைக் கண்டு வெயிலின்மேல் சந்தேகப்பட்டீர்கள். அந்தப் பச்சை உண்மையில் புல்லின் இனத்தைத்தான் காட்டிக்கொடுக்கிறது. திறந்த வெயிலில் வளர வேண்டிய இடத்தில் நிழலுக்குரிய புல்லைப் பதித்துவிட்டார்கள்.

திறந்த வெயிலும் மணலும் சிறிது உவரும் உள்ள நிலத்துக்கு நான் தயங்காமல் சொல்லும் புல் அறுகுதான். திருமணங்களில் பெரியவர்கள் ‘ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரூன்றி’ என்று வாழ்த்துவதை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். அந்த வாழ்த்தைச் சொன்னவர்கள் இந்தப் புல்லை மண்ணைக் கிளறிப் பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அறுகு நிலத்தின் மேலே ஓடும் கொடியாலும் நிலத்தின் கீழே ஓடும் தண்டாலும் பரவுகிறது. இடம் கிடைத்தால் அதன் வேர் மணலில் இரண்டு அடிக்கும் கீழே இறங்கும். காய்ந்தாலும் நிலத்தடித் தண்டு உயிரோடு உறங்கி, முதல் மழைக்கே துளிர்விடும். பிள்ளைகளின் ஓட்டத்தையும் தாங்கும். அதற்கு இரண்டு குறைகள் உண்டு: நிழலில் மெலிந்து மறைந்துவிடும், பூப்பாத்திக்குள் அழையாமல் நுழையும். இரண்டாவது குறைக்கு, பாத்தியின் ஓரமாக மண்வெட்டி ஆழத்தில் ஒரு வெட்டு வாய்க்கால் எடுத்து மாதம் ஒரு முறை அதைத் துப்புரவாக்கி வந்தால் போதும்.

அறுகைவிட மென்மையான புற்றரை வேண்டுமென்றால் சொய்சியா என்ற இனம் இருக்கிறது. இலை ஒடுங்கிக் கூர்மையாகவும் சற்று விறைப்பாகவும் இருக்கும், உவரைத் தாங்கும், கோரைக்கு இடம்விடாத அளவுக்கு நெருக்கமாக வளரும். ஆனால் மிக மெதுவாகப் பரவும், விலையும் கூடியது. பேரப்பிள்ளைகள் அடுத்த ஆண்டே விளையாட வேண்டும் என்பதால் உங்களுக்கு அறுகையே சொல்கிறேன். இப்போதுள்ள கம்பளப்புல்லை முழுவதும் தூக்கி எறியவும் வேண்டாம். மாமரத்தின் ஓரத்தில், காலை வெயில் மட்டும் படும் இடத்தில் அது இருக்கட்டும். மரத்தின் அடியை ஒட்டிய பகுதியில் எந்தப் புல்லையும் வற்புறுத்தி வளர்க்காதீர்கள். மாமரத்தின் வேரோடு போட்டியிட்டு எந்தப் புல்லாலும் வெல்ல முடியாது. அங்கே எங்கள் பழைய வழக்கப்படி கூட்டித் துப்புரவாக்கிய வெண்மணல் முற்றம் இருக்கட்டும்.

கிணற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் புல் போனால் மீண்டும் நடலாம், கிணறு கெட்டால் மீட்பது எளிதல்ல. உங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள ஒடுங்கிய மணற்திட்டில் இருக்கிறது. அந்த மணலுக்குள் மாரி மழையால் சேர்ந்த நன்னீர், அதைவிடப் பாரமான உவர்நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்திருந்தால், கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்க முடியும் என்பது நிலத்தடி நீரியலில் நன்கு நிறுவப்பட்ட கணக்கு. இதன் மறுபக்கம்தான் கவலைக்குரியது: மேலே சிறிதளவு இறைத்துக் குறைத்தாலும் கீழேயிருந்து உவர் அதைப்போல் பல மடங்கு மேலேறும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின்போது கடல்நீர் புகுந்து உவரான கிணறுகள் மழைக்காலங்கள் கடந்து மெல்ல மெல்லத் தெளிந்ததை நாம் எல்லோரும் கண்ணால் கண்டிருக்கிறோம். ஆடி, ஆவணியில் உங்கள் கிணற்றில் தெரியும் உவர்ப்பு அந்த வில்லை மெலிந்துவிட்டதற்கான அறிகுறி. ஆகவே மோட்டரை ஒரே மூச்சில் நெடுநேரம் ஓடவிட்டுக் கிணற்றை அடி காண இறைக்காதீர்கள். 10 அல்லது 12 நிமிடம் இறைத்து, அரைமணி நேரம் ஊறவிட்டு மறுபடியும் இறையுங்கள். குழாய்க் கிணறு தோண்டி இன்னும் ஆழத்திலிருந்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்க வேண்டாம். உங்கள் நிலத்தில் ஆழம் என்பது உவருக்கு அருகில் செல்வது. உன்னிச்சைக் குளத்திலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வரும் குழாய்நீரை வரட்சி மாதங்களில் புல்லுக்கு விடுவதும் சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

உவரின் பாதிப்பை இலையிலேயே காணலாம்: நுனியிலிருந்து தொடங்கிக் கீழ்நோக்கி எரிந்ததுபோல் காயும். உங்கள் இலையில் அந்த அடையாளம் சிறிதளவு இருக்கிறது. நீரில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமன்சைத் தாண்டினால் கம்பளப்புல் நலியும். அறுகு அதைப் பொருட்படுத்தாது. உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டால் நீரைப் பரிசோதிப்பதற்கு வழி சொல்வார். உவரைப் போக்க ஜிப்சம் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். களிமண்ணில் அதற்குப் பயன் உண்டு, மணலில் இல்லை. மணலில் சேரும் உப்பை மாரி மழையே கழுவிக்கொண்டுபோகும்.

வெட்டுவதைப் பற்றி. ஞாயிறுதோறும் அடியோடு வெட்டுவதை இன்றே நிறுத்துங்கள். புல் தன் உணவை இலையில்தான் சமைக்கிறது. இலையை முழுவதும் இழந்த புல், வேரில் சேமித்ததைச் செலவழித்துத்தான் புதிய இலையைத் தள்ள வேண்டும். ஒவ்வொரு வாரமும் இதைச் செய்தால் வேர் குட்டையாகிக்கொண்டே போகும். அத்துடன் வெறுமையான மணல் நேரடியாகச் சூடாகிறது. எந்தப் புல்லானாலும் ஒரு வெட்டில் உயரத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. அறுகை வழக்கமாக இரண்டு விரல் அகல உயரத்திலும், கச்சான் மாதங்களில் அதைவிடச் சற்று உயர்த்தியும், கம்பளப்புல்லை மூன்று விரல் உயரத்திலும் விட்டு வெட்டச் சொல்லுங்கள். நைலோன் நூல் சுழலும் மெசின் மட்ட உயரம் காப்பதில்லை, இலையை வெட்டாமல் கிழிக்கிறது. கிழிந்த நுனி வெளுத்துக் காய்ந்து, ஏற்கெனவே நீரில்லாத புல்லிலிருந்து இன்னும் நீரை வெளியேற்றுகிறது. உருளைக் கத்தியோ கூராக்கிய தட்டுக் கத்தியோ உள்ள மெசின் கிடைக்காவிட்டால், 4 பேர்ச்சைக் கைக்கத்தரியால் வெட்டுவதும் முடியாத வேலையல்ல. வெட்டிய புல்லை அள்ளிக் கொட்டாமல் அங்கேயே தூவி விடுங்கள். புல்லுக்கு வேண்டிய நைதரசனில் நாலில் ஒரு பங்கு அளவு அதிலிருந்தே திரும்பக் கிடைக்கும்.

யூரியாவைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, ஏனெனில் இது நல்ல எண்ணத்தோடு மிகப் பலர் செய்வது. யூரியாவில் 46 வீதம் நைதரசன் இருக்கிறது. 100 சதுர மீற்றருக்கு 2 கிலோ என்பது சதுர மீற்றருக்கு 20 கிராம். மணல் நிலத்தில் ஒரு தடவைக்கு 5 கிராமுக்கு மேல் போகக் கூடாது. நான்கு மடங்கு போட்டது மட்டுமல்ல, நீர் பற்றாத ஆனி மாதத்தில் போட்டிருக்கிறீர்கள். அது ஒருபுறம் இலையையும் தண்டையும் எரித்தது. மறுபுறம், வேரால் ஊட்ட முடியாத புதிய இலைகளைப் புல் தள்ளும்படி செய்தது. மிஞ்சியது நைத்திரேற்றாக மாறி மணல் வழியே கிணற்றுக்கு இறங்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கைக்குழந்தைகளுக்கு அது குறிப்பாக ஆபத்தானது. அந்தக் கிணற்று நீரை வீட்டில் குடிப்பவர்கள் இருந்தால் அதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். இனிமேல் 4 பேர்ச்சுக்கும் சேர்த்து ஒரு தடவைக்கு அரைக் கிலோவை ஈர மணலோடு கலந்து தூவி, உடனே நீர் விடுங்கள். ஐப்பசியில் முதல் மழைகள் மண்ணை நனைத்த பின் ஒரு முறை, தை மாத முடிவில் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை போதும். வைகாசி முதல் புரட்டாதி வரையும், மழை கொட்டும் கார்த்திகை, மார்கழியிலும் யூரியாவைத் தொடவே வேண்டாம்.

இப்போது அந்த மருந்துப் போத்தல். கறையான் காய்ந்த புல்லையும் மட்கிய தண்டையும் தின்பதற்கு வந்திருக்கிறது. பச்சைப் புல்லைக் கொன்றது அது அல்ல. புல் செத்த பின்னர் வந்த விருந்தாளிக்கு விஷம் வைத்தால் புல் பிழைக்காது. மணலில் ஊற்றும் மருந்து, யூரியா போன அதே வழியில் கிணற்றுக்குப் போகும். பேரப்பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடும் இடமும் அதுதான். ஐயம் தீர இரண்டு சோதனைகளைச் செய்து பாருங்கள். பழுப்பும் பச்சையும் சந்திக்கும் ஓரத்தில் புல்லைக் கையால் இழுங்கள். பாயைச் சுருட்டுவதுபோல் வேரில்லாமல் எழும்பி வந்து, அடியில் அரைவட்டமாகச் சுருண்ட வெண்ணிறப் புழுக்கள் ஒரு சதுர அடிக்கு ஐந்தாறுக்கு மேல் இருந்தால், அது வண்டின் வேர்ப்புழு. அடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் இரண்டு மேசைக்கரண்டியை நாலு லீற்றர் நீரில் கலந்து ஒரு சதுர மீற்றரில் ஊற்றுங்கள். பத்து நிமிடத்துக்குள் பச்சை அல்லது பழுப்புப் புழுக்கள் மேலே வந்தால் அது படைப்புழு. இரண்டும் இல்லையென்றால் போத்தலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருந்தால், பிடித்த புழுவோடு விவசாயப் போதனாசிரியரைச் சந்தித்த பின்னரே மருந்தைப் பற்றி யோசியுங்கள்.

இனி, புரட்டாதி முடியும்வரை செய்ய வேண்டியது. 4 பேர்ச்சையும் இந்தக் கச்சானில் பச்சையாக வைத்திருக்க முயல வேண்டாம். விறாந்தையை ஒட்டியும் மாமர ஓரத்திலும் இன்னும் உயிருள்ள ஒன்றரைப் பேர்ச்சை, அதாவது 38 சதுர மீற்றரை மட்டும் தெரிந்தெடுங்கள். அதற்கு வாரம் மூன்று முறை, முறைக்கு 23 நிமிடம் நீர் விட்டால் வாரத்துக்கு மொத்தம் 27 மில்லிமீற்றர் கிடைக்கும். வாரத்துக்கு ஏறத்தாழ 1,035 லீற்றர் செலவாகும். இப்போது நீங்கள் வாரம் 1,575 லீற்றர் விட்டும் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டது என்பதை எண்ணிப் பாருங்கள். மீதி இரண்டரைப் பேர்ச்சில் அங்கங்கே ஒரு தண்டைப் பிடுங்கி அடிக்கணுவைக் கீறுங்கள். உள்ளே வெண்மையாகவும் உறுதியாகவும் இருந்தால் அது உயிரோடு இருக்கிறது. பழுப்பாகிப் பொடிந்தால் இறந்துவிட்டது. உயிருள்ள இடங்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒரு முறை 10 மில்லிமீற்றர் கொடுத்தால் கணு தாக்குப்பிடிக்கும். இறந்த இடங்களை அப்படியே விடுங்கள். காய்ந்த புல் மணலை மூடி வைத்திருப்பதே நல்லது. வெறும் மணலாக விட்டால் நெருஞ்சி முளைத்துவிடும். முளைத்தால் காய் முற்றுவதற்கு முன் பிடுங்கிவிடுங்கள், பேரப்பிள்ளைகளின் பாதங்களுக்காக.

புரட்டாதிக் கடைசியில் மண்ணை ஆயத்தம் செய்யுங்கள். இறந்த பகுதியை ஓர் அரை அடி ஆழத்துக்குக் கொத்தி, நன்றாக மட்கிய கூட்டெருவை ஓர் அங்குலக் கனத்தில் பரப்பிக் கலந்துவிட வேண்டும். 4 பேர்ச் முழுவதற்கும் ஒரு கியூபுக்கு, அதாவது 100 கன அடிக்கு, சற்றுக் குறைவாகவே தேவைப்படும். உங்களுக்கு வேண்டிய இரண்டரைப் பேர்ச்சுக்கு அரைக் கியூபை விடச் சற்றுக் கூட இருந்தால் போதும். அதில் நாலில் ஒரு பங்கு உமிக்கரியாக இருந்தால் மிகவும் நல்லது. அரிசி ஆலைகள் உள்ள இந்த மாவட்டங்களில் உமிக்குப் பஞ்சமில்லை, அதைச் சாம்பலாகும்வரை எரிக்காமல் கரியாகும் நிலையில் நீர் தெளித்து நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். தும்புத்தூள் கிடைத்தால் நன்னீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் போடுங்கள். அலசாத தூளில் உப்பு இருக்கும். புதிய மாட்டெருவைப் போடாதீர்கள், அதனோடு வயலின் களைவிதைகளும் வந்து சேரும். மிக முக்கியமாக, ‘மண் நன்றாக இல்லை’ என்று சொல்லி யாரும் கிரவலோ களியோ கொண்டுவந்து மேலே பரப்ப விடாதீர்கள். மணலின்மேல் களி ஒரு தட்டாகப் படிந்தால், மாரியில் நீர் இறங்காமல் நிற்கும். கோடையில் ஓடுபோல் இறுகும். வேர் இரண்டின் எல்லையிலேயே நின்றுவிடும். வீடு கட்டும்போது கிரவல் போட்டு உயர்த்திய வளவுகளில் புல் பிடிக்காததற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

நடுவதற்கு ஏற்ற காலம் ஐப்பசி மாதத்தின் முதற்பகுதி. சித்திரைக்குச் சற்று முன் பதித்ததால் உங்கள் புல்லுக்குக் கச்சானுக்கு முன்னர் வேர்விட ஆறு ஏழு வாரங்களே கிடைத்தன. ஐப்பசியில் நட்டால் ஏழு மாதம் கிடைக்கும்; மட்டக்களப்பு ஆண்டுக்குப் பெறும் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் தைக்கும் இடையில்தான் விழுகிறது. கார்த்திகைக்குப் பிந்தினால் வெள்ளம் கொடிகளை அரித்துக்கொண்டு போகும்; அப்படிப் பிந்திவிட்டால் தை முடியும்வரை காத்திருங்கள். அறுகுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. வயல் வரம்பிலோ வாவிக்கரையிலோ, மருந்து தெளிக்காத இடத்திலிருந்து, குட்டையாகவும் நெருக்கமாகவும் படர்ந்த கொடியாகப் பார்த்து எடுத்து, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள துண்டுகளாக வெட்டி, ஒரு சாண் இடைவெளியை விடச் சற்று நெருக்கமாக, ஒரு கணு மண்ணுக்குள்ளும் நுனி வெளியிலுமாக நடுங்கள். கோரைக்கிழங்கு ஒட்டிவருகிறதா என்று ஒவ்வொரு பிடியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கிழங்கு உள்ளே வந்தால் அது சங்கிலிபோல் அடுத்தடுத்த கிழங்குகளை விளைவிக்கும், இழுத்தால் மேல் தண்டு மட்டும் கையோடு வரும். வந்துவிட்டால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஐந்தாறு இலை விடுவதற்கு முன், கிழங்கோடு தோண்டி எடுப்பதை விடாமல் தொடர வேண்டும்.

நட்ட முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும், மழை இல்லாத நாட்களில், நாள்தோறும் மெல்லிய நனைப்பு தேவை. வேர் இன்னும் இல்லாத புல்லுக்கு வேறு வழியில்லை. மூன்றாம் வாரத்திலிருந்து இடைவெளியைக் கூட்டி, தண்ணீரின் அளவையும் ஆழத்தையும் கூட்டுங்கள். கார்த்திகை, மார்கழியில் நீர் தேங்கும் பள்ளங்களில் மஞ்சள் வட்டங்கள் தோன்றினால் அது பூஞ்சணம். நீரை வடியவிட்டாலே பெரும்பாலும் ஓய்ந்துவிடும். தொட்டாச்சிணுங்கியை ஈரமண்ணில், பூப்பதற்கு முன் பிடுங்குவது எளிது.

பேரப்பிள்ளைகளை மார்கழி முடியும்வரை அந்தப் பக்கம் ஓடவிடாமல் ஒரு கயிறு கட்டி வையுங்கள். தைப்பொங்கலன்று கயிற்றை அவிழ்த்துவிடலாம். அறுகு அதற்குள் ஓடிச் சேர்ந்திருக்கும். பொங்கல் அடுப்பை மட்டும் புல்லின்மேல் மூட்டாமல், மாமரத்து மணல் முற்றத்தில், கிளைகளுக்குச் சூடு படாத தூரத்தில் மூட்டுங்கள்.